சத்தம்போட்டுப் படித்தும் மறந்துபோகிறதே?

கேள்வி: என் மகன் இந்த முறை க.பொ.த. சாதாரண தரம் எழுதுகிறான். சுபஹுத் தொழுகை முடிந்ததும் கொப்பியைத் திறந்து சத்தம்போட்டு வாசிக்கிறான். பின்னேரம் கேட்டால் கடகடவென்று சொல்வான். அடுத்த கிழமை கேட்டால் முழிக்கிறான். லண்டனில் இருக்கும் என் நானாவின் மகள் ஜிசிஎஸ்ஈ எழுதுகிறாள். அமெரிக்காவில் தம்பியின் மகனுக்கு அப்படியொரு பெரிய பரீட்சையே இல்லையாம். “நம்ம நாட்டு சேர்ட்டிபிகேட்டை வெளியில் மதிக்க மாட்டாங்க, ஓ எல் முடிஞ்சதும் கொழும்பில் லண்டன் ஏ எல் படிக்க விடு” என்கிறார் நானா. மகனின் வாப்பா வெங்காயத் தோட்டம் செய்கிறவர். கடன்பட்டாவது விடலாமா சேர்?
– ஒரு தாய், மாம்புரி

பதில்: கடன்பட வேண்டாம், சகோதரி.

உங்கள் நானாவுக்குப் பிள்ளைமேல் அக்கறை இருக்கிறது. ஆனால் அவர் சொன்ன காரணம் சரியில்லை. இலங்கை உயர் தரப் பெறுபேற்றை வைத்தே முதலாம் ஆண்டுக்கு மாணவரை எடுக்கும் பல்கலைக்கழகங்கள் பிரிட்டனில் பல உண்டு. நம் பரீட்சை முறையே அங்கிருந்து வந்ததுதான். 1880இலிருந்து இலங்கைப் பிள்ளைகள் கேம்பிரிட்ஜ் பரீட்சைகளை எழுதி வந்தார்கள். பிரிட்டன் 1951இல் ஜிசிஈ முறையைத் தொடங்கியபோது அதே ஏற்பாடு இங்கும் வந்து சேர்ந்தது. 1988இல் இங்கிலாந்து ஓ எல்லைக் கைவிட்டு ஜிசிஎஸ்ஈக்கு மாறியது; நாம் பழைய ஏற்பாட்டிலேயே நிற்கிறோம்.

உங்கள் மருமகளும் மகனைப்போல பதினாறு வயதில் பல பாடங்களை ஒரே பருவத்தில் எழுதுகிறாள். மகனுக்கு ஏ, பி, சி, எஸ் என்று வருவது, இங்கிலாந்தில் 9இலிருந்து 1 வரை எண்ணாக வரும். அங்கே 4 எடுத்தால் சித்தி, 7 என்றால் பழைய ஏ. பிறகு ஏ எல்லில் பெரும்பாலும் மூன்றே பாடங்கள். நம் உயர் தரத்திலும் பிரதான பாடங்கள் மூன்றுதான்.

அமெரிக்காதான் வேறு வழி. அங்கே 9ஆம் வகுப்பிலிருந்து 12ஆம் வகுப்பு வரை ஒவ்வொரு வீட்டுப்பாடமும் சிறு சோதனையும் செயல்திட்டமும் புள்ளியாகச் சேர்ந்து, 4.0 அளவில் ஜிபிஏ என்ற சராசரியாகிறது. நாடு முழுவதற்கும் பொதுவான இறுதிப் பரீட்சை இல்லை. பல்கலைக்கழகம் கேட்டால் 1600 புள்ளிக்கு எஸ்ஏடி எழுதுவார்கள். அதைத் திரும்பவும் எழுதலாம். கெட்டிக்காரப் பிள்ளைகள் ஏபி என்ற மேல்மட்டப் பாடங்களையும் எடுத்து 5க்குப் புள்ளி பெறுவார்கள். உங்கள் தம்பியின் மகன் சும்மா இருப்பதாக நினைக்காதீர்கள். நம் பிள்ளைக்குச் சில கிழமைகளில் நடப்பது அவனுக்கு நாலு வருடம் நடக்கிறது. அவனே நாளை லண்டனுக்குப் படிக்கப் போனால், பாடசாலை டிப்ளோமா மட்டும் போதாது, ஏபி புள்ளிகளையும் காட்டு என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். நிபந்தனை இல்லாத சான்றிதழ் எந்த நாட்டிலும் இல்லை.

லண்டன் ஏ எல்லுக்கு மாறினால் இங்கே இழப்பது பெரிது. நம் அரச பல்கலைக்கழகங்கள் உள்நாட்டு உயர் தரத்தின் இசட் புள்ளியைப் பார்த்தே எடுக்கின்றன. கல்விக் கட்டணமும் கிடையாது. பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று இடம் ஒதுக்குகிறார்கள். அந்தப் பின்தங்கிய 16 மாவட்டங்களில் உங்கள் புத்தளமும் ஒன்று. தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளையைத் திடீரென்று ஆங்கில மொழிமூலத்துக்குத் தள்ளி, கடனையும் தலையில் வைத்து, இந்த வாசலையும் அடைத்துவிடுவதா?

இனி மறதிக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பந்தியைக் கொடுத்தார்கள். ஒரு சாரார் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை வாசித்துவிட்டுப் பாராமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்தில் கேட்டபோது வாசித்தவர்களே முன்னுக்கு நின்றார்கள். ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. உங்கள் வீட்டில் பின்னேரம் நடப்பதும் அடுத்த கிழமை நடப்பதும் இதேதான். பிள்ளையின் மூளையில் ஒரு குறையும் இல்லை.

ஆகவே கொப்பியை மூடச் சொல்லுங்கள். விஞ்ஞானத்தில் இலையில் மாப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை எடுத்துக்கொள்வோம். வெற்றுத் தாளில் படிகளை வரிசையாக எழுதட்டும்: இலையை நீரில் அவிப்பது, மதுசாரத்தில் இட்டுப் பச்சையத்தை நீக்குவது, கழுவுவது, அயடீன் இடுவது, கருநீலமாவது. ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் ‘ஏன்’ என்றும் எழுத வேண்டும். மதுசாரத்தை நேரே நெருப்பில் வைக்காமல் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குவது ஏன்? அது தீப்பற்றும் என்பதால். புள்ளி இந்த ‘ஏன்’களில்தான் கிடக்கிறது. பிறகு கொப்பியைத் திறந்து, விட்டதைச் சிவப்புப் பேனையால் சேர்க்கட்டும். மூன்று நாள் கழித்து மறுபடி, ஒரு கிழமை கழித்து இன்னொரு முறை. கற்பிட்டிப் பக்கத்து மணலில் வெங்காயத்துக்கு ஒரே நாளில் தண்ணீர் கொட்டி என்ன பயன்? இதை அவனுடைய வாப்பா நன்றாகவே விளங்கிக்கொள்வார்.

பாஸ் பேப்பரும் அப்படித்தான். விடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பது செய்ததாகாது. 40 பல்தேர்வு வினாக்களையும் மணிக்கூட்டை வைத்து ஒரு மணித்தியாலத்துக்குள் முடித்துவிட்டு, பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டத்தோடு அவனே திருத்திப் பார்க்க வேண்டும். பிழையான விடைக்குப் புள்ளி குறைப்பதில்லை; ஒரு வினாவையும் வெறுமையாக விட வேண்டாம்.

வெளிநாட்டு ஆசைக்கு இப்போது ஒரு காசு செலவழிப்பதானால் அது ஆங்கிலத்துக்காக இருக்கட்டும். லண்டன் மருமகளோடு கிழமைக்கு ஒருநாள் போனில் ஆங்கிலத்திலேயே கதைக்கட்டும்; அதற்கு ரியூசன் காசும் தேவையில்லை. ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைக்கு மட்டும் இப்போது அவசரப்பட வேண்டாம். அந்தப் பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும். உயர் தரம் எழுதி முடித்த பிறகு அதற்கு விண்ணப்பித்தால் போதும்.