உண்ணாமையும் பெருந்தீனியும்: இரு நோய்களின் ஒப்பீடு

உணவைக் குறைத்தல் நமது அறநெறியில் தவமாகும். புறத்தவம் ஆறனுள் உண்ணா நோன்பு முதலாவது. குறைவாக உண்ணல் இரண்டாவது. நமது புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலின் ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கைகள் முனிவர்தம் தவ வாழ்வுக்குச் சான்று பகர்கின்றன. ஆயினும், தவத்தின் போர்வையில் நோயொன்று வீட்டினுள் நுழைதலும் கூடும். ஆதலின் இப்பாடத்தில் இரு உணவுக் கோளாறுகளை ஒப்பிட்டுக் காண்போம்.

முதலாவது, அனரெக்ஸியா நெர்வோசா. 1873இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் கல் இட்ட பெயர் இது. 'பசியின்மை' என்பது இதன் பொருள். உண்மையில் பசி உண்டு. எடை கூடிவிடுமோ என்னும் அச்சத்தால் நோயாளி அதனை அடக்குகிறார். எலும்பு தெரிய மெலிந்த பின்னரும் தம்மைப் பருமனாகவே கருதுகிறார்.

இரண்டாவது, புலிமியா நெர்வோசா. 1979இல் ஜெரால்டு ரஸ்ஸல் இதனைத் தனி நோயாக விளக்கினார். கிரேக்க மொழியில் 'காளைப் பசி' என்று பொருள்படும். மணிமேகலையில் வரும் காயசண்டிகையின் யானைத்தீ நமக்கு நினைவுக்கு வரலாம். எனினும் அவள் உண்டதை வெளியேற்றவில்லை. இந்நோயாளியோ மறைவில் அளவின்றி உண்டு, பின்னர் நாணி, வலிந்து வாந்தி எடுக்கிறார். அல்லது பேதி மருந்து உட்கொள்கிறார்.

விளைவுகளை நோக்குவோம். முன்னதில் எடை மிகக் குறையும்; மாதவிலக்கு நிற்கும்; எலும்பு வலுவிழக்கும்; நாடித்துடிப்பு தளரும்; உடல் குளிரும். பின்னதில் எடை பெரும்பாலும் இயல்பாகவே இருப்பதால் நோய் எளிதில் புலப்படாது. வயிற்று அமிலத்தால் பல்லின் மேற்பூச்சு அரிக்கப்படும், கன்னம் வீங்கும். இரண்டிலும் குருதியின் பொட்டாசியம் குறைந்து இதயம் திடீரென நின்றுவிடக்கூடும். அமெரிக்கப் பாடகி கேரன் கார்பென்டர் 1983இல் முதல் நோயால் இதயம் பழுதுற்று 32 வயதில் மறைந்தார். இளவரசி டயானா 1995இல் தமக்கிருந்த இரண்டாம் நோயைத் தொலைக்காட்சியில் வெளிப்படக் கூறினார். இவை மேனாட்டு நோய்கள் மட்டுமல்ல. 2025இல் அண்டை மாநிலமாகிய கேரளத்தில், எடைக்கு அஞ்சி உணவைத் துறந்த இளம்பெண் ஒருத்தி உயிரிழந்த செய்தி நாளேடுகளில் வந்தது.

நோன்பினின்றும் நோயைப் பிரித்தறிவது எவ்வாறு? நோன்புக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு; பாரணை நாளில் மனமகிழ்ந்து உண்கிறோம். அதன் நோக்கம் புலனடக்கம். நோய்க்கோ எல்லையில்லை, அதன் வேர் அச்சம், அதன் துணை ஒளிவுமறைவு. நோன்பு முடிந்த பின்னரும் உண்ண மறுக்கும் மகளையும், உணவுண்டவுடன் குளியலறைக்குள் சென்று தாழிடும் மகளையும் தாய்மார் கூர்ந்து நோக்க வேண்டும்.

கடிந்துரைத்தலும் வற்புறுத்தி ஊட்டுதலும் பயன் தாரா. நெடுநாள் உண்ணாதவர்க்கு ஒரேயடியாக மிகுந்த உணவளித்தால் குருதியின் உப்புகள் நிலைகுலைந்து உயிருக்கே கேடாகும். மருத்துவர் மேற்பார்வையில் சிறிது சிறிதாகவே கூட்டவேண்டும். மீமிசல் போன்ற கடற்கரை ஊர்களில் வாழும் நமக்குப் புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை பெறலாம்.

எறும்புக்கும் தீங்கு நினையாத குலம் நம் குலம். அச்சத்தால் தன்னுடலைத் தானே அழித்தல் தவமன்று. அதுவும் இம்சையே என்பதை நம் பிள்ளைகட்கு அன்புடன் உணர்த்துவோமாக.