செயலி சொல்லும் நேரத்தை நம்பலாமா?

கேள்வி: 10 கி.மீ. தூரத்தை 60 நிமிடத்தில் ஓடுகிறேன். முழு மாரத்தானை 4 மணி 36 நிமிடத்தில் முடிப்பேன் என்கிறது செயலி. நம்பி ஓடலாமா?
– வாசகர், பரங்கிப்பேட்டை

பதில்: அப்படியே நம்பாதீர்கள். இத்தகைய கணிப்புகள் பலவற்றுக்கு அடிப்படை, அமெரிக்கப் பொறியாளர் பீட்டர் ரீகல் 1977-இல் வெளியிட்ட சூத்திரம். தூரம் இரட்டித்தால் நேரம் ஏறக்குறைய 2.085 மடங்காகும் என்பது அதன் சாரம். சுமார் 3.5 நிமிடம் முதல் 230 நிமிடம் வரையிலான ஓட்டங்களுக்கே அது பொருந்தும் என்று ரீகலே வரம்பு வகுத்தார். உங்கள் 276 நிமிடம் அந்த எல்லையைத் தாண்டிவிட்டது.

நீண்ட தூரப் பயிற்சி உங்களுக்கு உண்டா என்பது செயலிக்குத் தெரியாது. உங்கள் ஊரின் வெள்ளாற்று முகத்துவாரத்து ஈரக்காற்றும் அதன் கணக்கில் இல்லை. புழுக்கத்தில் வியர்வை ஆறாது, இதயத் துடிப்பு ஏறும், வேகம் குறையும்.

முதலில் ஓர் அரை மாரத்தான் ஓடுங்கள். கணிப்பு 2 மணி 12 நிமிடம். 2 மணி 20 நிமிடம் ஆனால், முழுத் தூரத்துக்கு 4 மணி 52 நிமிடம் என்று திருத்திக்கொள்ளுங்கள். முதல் மாரத்தான் என்றால் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். அன்றாடப் பயிற்சியில், பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும். கடிகாரம் சொல்வதற்காக மூச்சிரைக்க ஓடாதீர்கள்.