வேலை செய்யும் துணி

துணி எதற்கு என்று கேட்டால், மானத்தைக் காக்க, வெயிலையும் குளிரையும் தாங்க, கண்ணுக்கு அழகாயிருக்க என்று நாம் விடை கூறுவோம். மேனாடுகளில் இம்மூன்றோடு நான்காவதாக ஒன்றையும் சேர்த்திருக்கின்றனர். நாடித்துடிப்பை எண்ணும் சட்டை, தடவினால் பாட்டை மாற்றும் மேலங்கி என்பன போலத் துணியே கருவியாகவும் இருக்க வேண்டும்; அதுவும் அன்றாடம் உடுத்தும் நாகரிக உடையிலேயே அமைய வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். இச்செய்திகளைப் படிக்கும் நமது அங்கத்தினர்களுக்கு இரண்டு ஐயங்கள் எழுவது இயல்பு. இது தறிக்காரனின் தொழிலா, யந்திரக்காரனின் தொழிலா என்பது ஒன்று. இதனை நம்பிச் சங்கத்தின் பணத்தையும் நமது உழைப்பையும் முதலாகப் போடலாமா என்பது மற்றொன்று.

துணிக்கு வேலை கொடுப்பது புதிய எண்ணமன்று. நம் உழவரின் தலைத்துண்டு வெயிலுக்குக் குடை, சுமை தூக்கும்போது சும்மாடு, வியர்த்தால் துவாலை. அமெரிக்காவிலும் இத்தகைய கதை ஒன்று உண்டு. நெவாடா மாநிலத்து ரீனோ நகரில் ஜேக்கப் டேவிஸ் என்னும் தையற்காரர், தொழிலாளரின் கால்சட்டைப் பைகள் ஓயாமல் கிழிவதைக் கண்டு, பைகளின் மூலைகளில் செம்பு ஆணிகளை அறைந்து இறுக்கினார். தமக்குத் துணி விற்று வந்த லீவை ஸ்ட்ராஸ் என்பவருடன் சேர்ந்து 1873-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். உழைப்பாளிக்கென்று பிறந்த அந்த உடைதான் இன்று உலகெங்கும் இளைஞர் விரும்பி அணியும் ஜீன்ஸ் ஆகும். செம்பு ஆணி அதில் இன்னும் இருக்கிறது. லீவை ஸ்ட்ராஸ் என்ற பெயரை அங்கத்தினர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். மீண்டும் அவரது கம்பெனியிடம் வருவோம்.

மின்சாரம் துணிக்குள் புகுந்த வரலாறு நமக்கு அயலானதன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ரெமி போஸ்ட், மாகி ஆர்த் என்னும் இருவர் 1997-இல் மின்சாரம் பாயும் துணிகளைப் பற்றி ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்ட துணிகளில் ஒன்று பட்டு ஆர்கன்சா. பாவு வெறும் பட்டு. ஊடை, மெல்லிய செம்புத் தகடு சுற்றிய பட்டு. இந்தியாவில் நெடுங்காலமாக நெய்யப்பட்டு வரும் துணி இது என்று அவர்களே குறித்திருக்கின்றனர். காஞ்சிபுரத்து நெசவாளருக்கு இதனை விளக்க வேண்டுமா? பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன் முலாம் பூசினால் அது நம் சரிகை. நாம் மினுமினுப்பைக் கண்ட இடத்தில் அவர்கள் மின்கம்பியைக் கண்டனர். ஊடையிழைகள் ஒன்றையொன்று தொடாதபடி பட்டுப் பாவு நடுவில் நின்று காப்பதால், ஒவ்வோர் இழையும் தனித்தனிக் கம்பியாகிவிடுகிறது. நெசவு என்னும் அமைப்பே இங்கு மின்காப்பு ஆகிறது.

ஏறக்குறைய அதே காலத்தில், ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் சுந்தரேசன் ஜெயராமன் தம் குழுவினருடன் போர்வீரர்க்கான ஒரு சட்டையை உருவாக்கினார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றவர் அவர். 1996-இல் தொடங்கிய இந்த ஆராய்ச்சிக்கு அமெரிக்கக் கடற்படையின் ஆதரவு இருந்தது. ஒளியைக் கடத்தும் மெல்லிய பிளாஸ்டிக் இழை ஒன்று சட்டை முழுவதும் சுற்றிச் சுற்றிச் செல்லும். குண்டு பாய்ந்தால் அவ்விடத்தில் இழை அறுந்து ஒளி தடைப்படும். காயம் எங்கே என்பது தெரிந்துவிடும். இழைக்கு இடையில் தையல் வந்தால் ஒளி அங்கேயே நின்றுவிடும் அல்லவா? ஆதலால் கை நுழையும் துளைகளோடு சட்டையை ஒரே குழாயாகத் தறியிலேயே நெய்து எடுத்தனர். மருத்துவரும் மின்பொறியாளரும் கேட்ட கேள்விக்கு விடை தறியிலிருந்து வந்தது. முதல் ஐயத்துக்கு இதுவே போதிய விடை என்று கருதுகிறோம்.

இரண்டாவது ஐயம் எளிதன்று. அதற்கு, நாகரிக உடையாகவே கடைக்கு வந்த ஒன்றைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

2015-இல் கூகுள் கம்பெனி 'புராஜெக்ட் ஜக்கார்டு' என்ற முயற்சியை அறிவித்தது. பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் மாரி ஜக்கார்டு 1804-இல் அமைத்த, நம் தறிகளின்மேல் இன்றும் இருக்கும் அதே பெட்டியின் பெயர்தான். கூட்டாளி, லீவை ஸ்ட்ராஸ் கம்பெனி. மெல்லிய செம்பு இழையைச் சாதாரண நூல்களோடு பின்னி, பார்வைக்கும் தொடுதலுக்கும் வழக்கமான நூலைப் போலவே தோன்றும் நூல் ஒன்றைச் செய்தனர். ஆலைகளில் உள்ள சாதாரணத் தறிகளிலேயே அதை ஓட்ட முடிந்தது. ஆனால் ஜீன்ஸ் துணியை முடிக்கும்போது அதன் மேலுள்ள பிசிறு போக நெருப்பில் பொசுக்குவார்கள். அந்தத் தீயையும் தாங்கும்படி நூலை அமைக்க வேண்டியதாயிற்று. உலோக இழையின் முனையைப் பிரித்தெடுத்துக் கருவியோடு இணைப்பதற்காகத் துணியை இரண்டடுக்காக நெய்து, இழையை நடுவில் மிதக்கவிடும் உத்தியையும் கையாண்டனர்.

2017-இல் மேலங்கி விற்பனைக்கு வந்தது. விலை 350 டாலர். சைக்கிளில் வேலைக்குச் செல்வோருக்கு என்று சொல்லப்பட்டது. இடக்கையின் முனைப் பட்டியில் அந்த நூல் நெய்யப்பட்டிருந்தது. விரல் நெருங்கினால் இழையின் மின்னூட்டம் சிறிது மாறும். பட்டியில் பொருத்திய சிறு கருவி அதனை உணர்ந்து, கம்பியில்லாமல் கைப்பேசிக்குச் சொல்லும். பாட்டு மாறும், அழைப்பு நிற்கும், போகும் வழி காதில் கேட்கும். துவைக்குமுன் கருவியைக் கழற்றிவிட வேண்டும். மின்னமைப்பு பத்துத் துவையல் வரை தாங்கும் என்றே கூறி விற்றனர். பத்துத் துவையல்! ஒரு லுங்கியைப் பற்றி இப்படிச் சொல்லி நம்மில் யாரேனும் விற்க முடியுமா?

2019-இல் 198 டாலருக்கு அடுத்த வகை வந்தது. 2023 ஏப்ரலில், மேலங்கிக்கும் கைப்பேசிக்கும் இடையே நின்ற கூகுளின் செயலி நிறுத்தப்பட்டது. துணியில் குறையில்லை, நூல் அறவில்லை, தறிக்காரன் செய்த பிழையும் ஒன்றுமில்லை. ஆயினும் அன்றோடு அந்த மேலங்கி வெறும் மேலங்கியாயிற்று. அதே கம்பெனியின் 1873-ஆம் ஆண்டுச் செம்பு ஆணியோ, எவருடைய அனுமதியும் வேண்டாமல் இன்றும் பையைத் தாங்குகிறது. ஆணியின் வேலை துணியிலேயே இருக்கிறது. மேலங்கியின் வேலை தொலைவில் உள்ள ஒருவரிடமிருந்து கடனாக வந்தது.

ஆதலால் இத்தகைய நெசவுக்கு வியாபாரி எவரேனும் சங்கத்தை அணுகினால், துணியின் வேலை எங்கே இருக்கிறது என்பதை முதலில் கேட்டறிய வேண்டும் என்பது நமது கருத்து. வேலை வெளியிலுள்ள கருவியிலோ சேவையிலோ இருக்குமாயின், அது நின்றுபோகும் நாளில் நம் கிடங்கில் தேங்கும் சரக்குக்கு யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். சாதாரணச் சேலை தேங்கினால் தள்ளுபடியில் விற்கலாம்; செம்பு கலந்த துணியைக் கந்தலாகப் பிரித்து நூலாக்குவதும் கடினம். விசேஷ நூலின் விலையை வியாபாரி முன்பணமாகத் தர வேண்டும். உலோக நூலைத் தறியில் மெதுவாகவே ஓட்ட நேரும் என்பதால், கூலியைக் கெஜத்துக்கு மட்டும் பேசாமல் நாளுக்கும் சேர்த்துப் பேசுவது நலம். துவையல் கணக்கை மாதிரித் துணியில் நாமே சோதித்த பிறகுதான் பாவு ஏற்ற வேண்டும்.

பருத்தி பயிரிடுவோர் இதில் தமக்கு என்ன என்று கேட்கலாம். செம்பு எத்துணை மெல்லியதாயினும் தோலோடு உறவாட அதற்கு ஓர் உறை வேண்டும். அந்த உறை பருத்தியாகவோ பட்டாகவோ பாலியெஸ்டராகவோ இருக்கலாம். நம் வெயிலில் எது தேவை என்பதை வியர்வையே சொல்லிவிடும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும் மூன்று வோல்ட் காசு மின்கலம் ஒன்றும், சிறு சிவப்பு எல்.இ.டி. விளக்கு ஒன்றும் போதும். வீட்டு மின்சாரத்தை எக்காரணம் கொண்டும் தொடக்கூடாது. மின்கலம் குழந்தைகள் விழுங்கிவிடக்கூடியது, எச்சரிக்கை தேவை. விளக்கின் ஒரு காலை மின்கலத்தின் ஒரு பக்கத்தோடு சேர்த்து, மறு காலுக்கும் மின்கலத்தின் மறு பக்கத்துக்கும் இடையே ஒரு சாண் சரிகையைப் பிடிக்க வேண்டும். எரியாவிட்டால் விளக்கின் கால்களை மாற்றிப் பிடிக்கவும். வெள்ளிச் சரிகையில் விளக்கு எரியும். பிளாஸ்டிக் தகட்டின்மேல் உலோகப் பூச்சிட்ட சரிகையில், மேற்பூச்சின் காரணமாகப் பெரும்பாலும் எரியாது. எரிந்த சரிகையைச் சிறு துணியில் ஊடையாகப் போட்டு, சோப்பிட்டுத் துவைத்து, உலர்த்தி, மீண்டும் சோதிக்கவும். எத்தனையாவது துவையலில் வெளிச்சம் மங்குகிறது, தகடு எந்த மடிப்பில் விட்டிருக்கிறது என்பதைக் குறித்து வைத்து, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அத்துணியையும் கொண்டு வரவும்.