டீசல் எஞ்சினும் வீட்டுப் பழுதுபார்த்தலும்

இலக்கணம் கற்பிப்பவனுக்கு இயந்திரத்தில் என்ன வேலை என்று இம்மலரைப் புரட்டும் பழைய மாணவர் சிலர் வினவுதல் கூடும். வினா நியாயமானதே. ஆயினும், என் வீட்டு முற்றத்தில் நிற்கும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ 60 வண்டி அந்நியாயத்தை ஏற்பதில்லை. வாடகைக் கார் ஓட்டி எம்மைப் படிப்பித்த என் தந்தையார் விட்டுச்சென்ற பொருள் அது. 1489 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் 40 குதிரைவலுவும் உடைய டீசல் எஞ்சின் பூட்டியது. காலையில் அது உயிர்பெற மறுக்கும்போது புணர்ச்சி விதிகளை ஓதிப் பயனில்லை என்பதைப் பலமுறை கண்டேன். ஆதலின் ஸ்பனரைப் பிடிக்கக் கற்றேன். கற்றதில் ஒரு பகுதியை ஈண்டுக் கூறுகின்றேன்.

இதனைப் பலரும் அறிந்திருத்தல் வேண்டும் என்ற எண்ணம் 2022ஆம் ஆண்டிலேயே வலுப்பட்டது. அவ்வாண்டு நாட்டில் எரிபொருள் அருகி, நிரப்பு நிலையங்களின் முன் வண்டிகள் நாட்கணக்கிற் காத்து நின்றன. தாங்கி முற்றாக வற்றிய டீசல் வண்டிகள் பல, பின்னர் டீசல் வார்த்தபோதும் இயங்கவில்லை. உரிமையாளர் எஞ்சின் கெட்டதென்று அஞ்சினர். உண்மையிற் கெட்டது யாதுமில்லை. குழாய்களுட் காற்றுப் புகுந்ததே காரணம். அரை மணி நேரத்திற் தீரக்கூடிய அக்குறைக்காகக் கயிறு கட்டி இழுப்பித்தும், கூலி கொடுத்தும், வேலைக்குப் போகாதும் வருந்தியோரை நான் அறிவேன்.

குறையை அறிதற்கு முன் நிறையை அறிதல் வேண்டும். பெற்றோல் எஞ்சினில் மின்பொறி எரிபொருளைக் கொளுத்துகின்றது. டீசல் எஞ்சினிற் பொறி இல்லை. உருளையினுள் இழுக்கப்பட்ட காற்று, தன் கனவளவில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகும்வரை அமுக்கப்படுகின்றது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுவதை அனைவரும் அறிவர். அதே வெப்பம் இங்கே 500 பாகை செல்சியசுக்கும் மேலாக உயர்கின்றது. அந்நிலையில் நொசில் வழியாக மென்தூறலாகச் செலுத்தப்படும் டீசல் தானே பற்றுகின்றது. உருளையினுள் ஏறி இறங்கும் உறுப்பை எம் பாடநூல்கள் முசலம் என்னும். முசலமாவது உலக்கை. உரலும் உலக்கையும் என்று நினைத்துக்கொள்ளும் மாணாக்கன் இவ்வெஞ்சினைப் பாதி விளங்கிக்கொண்டான் எனலாம். உலக்கை உரலோடு பொருந்தாது தேய்ந்திருப்பின் காற்று ஒழுகும், வெப்பம் உண்டாகாது, டீசல் பற்றாது.

றுடோல்வ் டீசல் என்னும் ஜேர்மானியப் பொறியியலாளர் இத்தகைய எஞ்சினை 1897ஆம் ஆண்டில் ஔக்ஸ்பேர்க் நகரில் வெற்றியுடன் இயக்கிக் காட்டினார். 1913 செத்தெம்பரில், இங்கிலாந்துக்குச் செல்லும் கப்பலிலிருந்து இரவில் அவர் காணாமற் போனார். பெருங் கப்பல்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் உரியதாயிருந்த அவ்வெஞ்சின் 1936ஆம் ஆண்டின் மேர்சிடிஸ் பென்ஸ் 260 டி முதலிய வண்டிகளால் மோட்டார் காரினுள்ளும் இடம் பெற்றது.

எஞ்சின் இயங்காத காலையில் முதலில் நோக்க வேண்டியது எஞ்சினை அன்று, பற்றரியை. அவ்வளவு காற்றை அமுக்குதற்கு ஸ்ராற்றர் விரைந்து சுழலல் வேண்டும். மெல்லச் சுழலின் வெப்பம் உருளைச் சுவரிற் கரைந்துபோம். பற்றரி முனைகளிற் பூத்திருக்கும் வெண்ணிறப் படிவை வெந்நீரில் அப்பச்சோடா கரைத்துக் கழுவித் துடைத்து இறுக்கிய மாத்திரத்தில் இயங்கிய வண்டிகள் பல. பற்றரியின் உள்ளே அக்கரைசல் புகாதவாறு மூடிகள் இறுகியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்க. இவ்வெளிய வேலையைச் செய்யாது பம்பைக் கழற்றுவோர், தலைவலிக்குக் காலில் மருந்து பூசுவோரை ஒப்பர்.

ஸ்ராற்றர் நன்கு சுழன்றும் எஞ்சின் பற்றவில்லையாயின் ஒருவரைப் புகைக்குழாயின் பக்கத்தில் நிறுத்துக. புகை வருகின்றதா இல்லையா? சோதனை முழுவதும் இவ்வொரு வினாவிலேயே கிளைக்கின்றது. வெண்புகை வருமாயின் டீசல் உருளையை அடைகின்றது, ஆனால் எரியவில்லை. ஹீற்றர் பிளக்குகளையோ காற்றமுக்கத்தையோ ஐயுறல் வேண்டும். புகையே இல்லையாயின் டீசல் உருளையை அடையவில்லை. தாங்கியில் டீசல் உண்டா, நிறுத்தும் இழுகம்பி உட்சென்று நிற்கின்றதா, வடி அடைத்திருக்கின்றதா என்று பார்த்தபின், காற்றை வெளியேற்றும் வேலையைத் தொடங்குக.

காற்று ஏன் தடை செய்கின்றது? டீசல் திரவமாகையால் அமுங்காது. பம்பு தள்ளியவுடன் நொசிலைத் திறந்துவிடும். காற்றோ அமுங்கும். குழாயிற் காற்றுக் குமிழி இருப்பின் பம்பின் தள்ளல் அனைத்தும் அக்குமிழியைச் சுருக்குவதிலேயே கழிந்துபோம், நொசில் திறவாது.

வேலையின் முறை வருமாறு. வடியின் மேலுள்ள சிறு திருகாணியை ஓரிரு சுற்றுத் தளர்த்துக. டீசலை இழுத்துக் கொடுக்கும் சிறு பம்பின் கைநெம்பை மேலுங் கீழும் அசைக்க. நெம்பு பிடிப்பின்றி ஆடுமாயின் பம்பு பழுது என்று முடிவு செய்யற்க. எஞ்சினின் உள்ளே அதனை உந்தும் உறுப்பு உயர்ந்து நிற்பதாகும். எஞ்சினைச் சிறிது திருப்பிவிட்டு மீண்டும் அசைக்க. முதலில் நுரை வரும். பின்னர்க் குமிழியற்ற தெளிந்த டீசல் வரும். வரும்போதே திருகாணியை இறுக்குதல் வேண்டும். நின்றபின் இறுக்கின் காற்று மீளவும் உட்புகும். அடுத்து, பெரிய பம்பிலுள்ள திருகாணிகளுக்கும் இவ்வாறே செய்க. இறுதியாக, நொசில்களுக்குச் செல்லும் உருக்குக் குழாய்களில் இரண்டின் சுரைகளை ஒரு சுற்றுத் தளர்த்தி, துணியாற் போர்த்து, எட்ட நின்று, பிறரொருவரைக் கொண்டு ஸ்ராற்றரை இயக்குக. டீசல் கசிந்தவுடன் இறுக்குக. ஒரு தடவைக்குப் பதினைந்து விநாடிக்கு மேல் ஸ்ராற்றரைச் சுழற்றாது, இடையில் ஆற விடுதல் நன்று.

என் சொந்த அனுபவம் ஒன்று இவ்விடத்திற்கு ஏற்றது. ஒரு காலத்தில் எம் வண்டி ஒவ்வொரு காலையிலும் நெடுநேரம் சுழன்றே உயிர்பெறும். பகலிலோ தொட்டவுடன் இயங்கும். ஒரு கராச்சில் காட்டினேன். பெரிய பம்பு தேய்ந்துவிட்டது, கழற்றிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்றனர். கேட்ட தொகை என் இரண்டு மாதச் சம்பளத்தை விஞ்சியது. தந்தையாரோடு வாடகைக் கார் ஓட்டிய முதியவர் ஒருவர் தற்செயலாக வீட்டுக்கு வந்தார். வண்டியின் அடியிற் குனிந்து பார்த்துவிட்டு, “தம்பி, டீசல் ஒழுகினால் நிலத்திலை தெரியும், காத்து இழுத்தால் எதிலை தெரியப்போகுது?” என்றார். சிறு பம்புக்கும் வடிக்கும் இடையில் ஒரு சாண் அளவு ஒளிபுகும் பிளாஸ்ரிக் குழாயைப் பூட்டச் செய்தார். எஞ்சினை இயக்கியதும் அக்குழாயில் மணி மணியாகக் குமிழிகள் ஓடின. தாங்கியிலிருந்து சிறு பம்புக்கு வரும் குழாயின் மூட்டில் ஒரு செம்பு வாசர் நசுங்கியிருந்தது. இழுக்கும் பக்கமாகையால் அங்கே டீசல் வெளியே சொட்டுவதில்லை. காற்றே உள்ளே செல்லும். இரவு முழுவதும் வண்டி நிற்க, குழாயிலிருந்த டீசல் தாங்கிக்கு இறங்கிவிடும். வாசரை மாற்றிய நாள் முதல் அக்குறை இல்லை. பம்பு இன்றுவரை கழற்றப்படவில்லை. கராச்சுக்காரர் பொய் சொன்னாரென்று நான் கூறேன். பார்க்கவில்லை என்பதே என் குறை.

ஹீற்றர் பிளக்குகளைச் சோதிப்பது எளிது. இணைப்புக் கம்பியைக் கழற்றி, பன்னிரண்டு வோல்ற்று மின்குமிழ் ஒன்றைப் பற்றரியின் நேர்முனைக்கும் பிளக்கின் தலைக்கும் இடையே தொடுக்க. குமிழ் எரியின் கம்பி அறவில்லை. இது எதிர்முனை வண்டியின் உடலோடு இணைந்த வண்டிகளுக்கு. பழைய வண்டிகள் சிலவற்றில் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும், அங்கே மாற்றித் தொடுக்க. எம் நாட்டு வெயிலில் இப்பிளக்குகள் வேண்டா என்போர் உளர். தனி எரிஅறை உடைய எஞ்சினில் அவ்வறையின் சுவரே வெப்பத்தைப் பெரிதும் உண்டுவிடும். ஆதலின் மார்கழிக் காலையில் அவர்கள் கருத்து மாறிவிடும்.

ஓடும் எஞ்சினின் புகையும் பேசும். கரும்புகை, காற்றுக்கு மிஞ்சிய டீசலைக் குறிக்கும். காற்று வடியைத் துப்புரவு செய்தபின்னும் நீங்காதாயின் நொசில் தூறலாகப் பொழியாது துளியாகச் சொட்டுகின்றது. நீலப் புகை எஞ்சின் எண்ணெய் எரிவதாலாயது. சூடேறியபின்னும் வெண்புகை நில்லாது, றேடியேற்றரில் நீரும் குறைந்துவருமாயின், உருளைக்குள் நீர் கசிகின்றதென்று ஐயுற்று வண்டியை ஓட்டாது நிறுத்துக. எஞ்சின் நடுங்கி ஓடும்போது, மெல்ல ஓடவிட்டு, நொசிற் குழாய்ச் சுரைகளை ஒவ்வொன்றாகச் சிறிது தளர்த்துவது பழைய முறை. எதைத் தளர்த்தும்போது ஓசை மாறவில்லையோ அவ்வுருளையே சோம்பியிருப்பது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. மேற்கூறியவை பழைய பம்பு எஞ்சின்களுக்கே பொருந்தும். இக்காலத்துக் கொமன் றெயில் எஞ்சின்களில் டீசல் ஆயிரம் வளிமண்டல அமுக்கத்தையும் கடந்து நிற்கின்றது; அவற்றின் குழாய்களை வீட்டில் ஒருபோதும் தளர்த்தலாகாது. பழைய எஞ்சினிலும் நொசிலின் முன் கையை நீட்டிப் பார்த்தல் கூடாது. அத்தூறல் தோலைத் துளைத்து உட்செல்லும். புறத்தே ஊசி குத்தியது போன்ற சிறு புள்ளியே தோன்றும்; நோவும் முதலிற் குறைவு. ஆயின் சில மணி நேரத்தில் உள்ளிருக்கும் தசை அழியத் தொடங்கும். விரலை இழக்கவும் நேரும். அவ்வாறு நேர்ந்தால் எண்ணெய் பூசிப் படுக்காது, உடனே ஆசுபத்திரிக்குச் சென்று, அமுக்கத்தோடு டீசல் புகுந்தது என்பதைத் தெளிவாகச் சொல்லுதல் வேண்டும்.

1990ஆம் ஆண்டிற்குப் பின் குடாநாட்டில் எரிபொருள் தடைப்பட்ட காலத்தில் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடியதைச் சிறுவனாக இருந்து கண்டேன். என் தந்தையார் டீசல் வண்டிக்கு மண்ணெண்ணெய் வார்த்த நாளெல்லாம் சிறிதளவு எஞ்சின் எண்ணெயும் கலப்பார். காரணம் அப்போது விளங்கவில்லை. பெரிய பம்பின் உட்பகுதிகளுக்கு மசகு டீசலேயன்றி வேறில்லை. மண்ணெண்ணெய் மெலிந்தது, உறுப்புகளை வறட்டித் தேய்க்கும். அவர் செய்தது முழுமையான காப்பன்று. இயலாமையின் கண் செய்த ஓர் உபாயம். தடை இல்லாத காலத்தில் மலிவு கருதி மண்ணெண்ணெய் கலப்போருக்கு அந்த நியாயமும் இல்லை. கலன்களிற் சேமித்த டீசலில் நீர் அடியிற் தங்கும் என்பதையும் மறவற்க. வடியின் கீழுள்ள வடிதிருகைத் திறந்து, நீர் போனபின் மூடுக.

இன்னொன்று அரிதாக நிகழ்வது, ஆனால் அறியாதாரைத் திகைக்கச் செய்வது. எண்ணெய் மிகுதியாக வார்க்கப்பட்டாலோ, வளையங்கள் தேய்ந்தாலோ, எஞ்சின் தன் எண்ணெயையே இழுத்து எரித்து வெறிகொண்டு ஓடும். நிறுத்தும் கம்பியை இழுத்தாலும் நில்லாது. டீசலை அது நாடவில்லையன்றோ! வண்டி நின்ற நிலையிலாயின் உயர்ந்த கியரைப் பூட்டி, பிரேக்கை அழுத்தி, கிளச்சை விடுதல் வேண்டும். அல்லது தடித்த பலகையாற் காற்று வாயை அடைத்தல் வேண்டும். கையால் அடைக்கலாகாது.

பெரிய பம்பைப் பிரித்தலும் நொசிலின் அமுக்கத்தைச் சீராக்குதலும் சோதனைக் கருவி உடைய பட்டறைக்குரியவை. வீட்டு வாங்கில் அவற்றைத் திறப்பவர் தூசியையே உட்செலுத்துவர். வண்டியின் கீழ்ப் புகுமுன் ஜாக்கியை மட்டும் நம்பாது அகன்ற மரக்கட்டைகளை அடுக்குக. வண்டியில் இரண்டு வடிகளும், ஒளிபுகும் குழாய்த் துண்டும், சில செம்பு வாசர்களும் இருக்கட்டும். புதிய வாசர் கிடையாதபோது பழையதைச் செந்நிறமாகும்வரை அடுப்பிற் காய்ச்சி நீரில் தோய்த்து, கறையைத் துடைத்து மீளப் பயன்படுத்தலாம். உருக்கு அவ்வாறு தோய்த்தால் இறுகும்; செம்பு இளகும்.