விளம்பரத்தில் ஒரு பெயர், பாலிசியில் வேறு பெயர்

அமெரிக்காவில் வீடு வாங்குகிறவர்களில் பலர், காருக்கு இன்சூரன்ஸ் எடுத்த இடத்திலேயே வீட்டுக்கும் எடுத்துவிடுகிறார்கள். அதே இணையதளம், அதே பாஸ்வேர்ட். பாலிசி கைக்கு வந்த பிறகுதான், அதுவரை கேள்விப்படாத ஒரு கம்பெனியின் பெயர் அதில் இருப்பது கண்ணில் படுகிறது.

“விற்றவர்தானே இழப்பீடும் தருவார்?”

அப்படியில்லை. கெய்கோவைப் பாருங்கள். கார் காப்பீட்டில் பெரிய கை. ஆனால் வீட்டுக் காப்பீட்டை அதன் ஏஜென்சி வேறு நிறுவனங்களிடமிருந்து வாங்கித் தருகிறது. தரகர் வேலைதான். பாலிசியின் தொடக்கத்தில் ‘டெக்ளரேஷன்ஸ்’ என்றொரு பக்கம் இருக்கும். அதில் காப்பீடு வழங்குவதாகப் போட்டிருக்கும் நிறுவனம்தான் உங்களுக்குக் கடன்பட்டது. கூரை பிய்த்துக்கொண்டு போனால் சேதத்தை மதிப்பிட அட்ஜஸ்டரை அனுப்புவது அவர்கள். பிரீமியத்தை ஏற்றுவதும், அடுத்த ஆண்டு புதுப்பிக்க முடியாது என்று கடிதம் போடுவதும் அவர்களே. விற்றவரிடம் எவ்வளவு முறையிட்டாலும் கிளைமில் ஒரு டாலர்கூடக் கூட்டித் தர அவரால் முடியாது.

அதே பக்கத்தில் டிடக்டிபிளையும், அதாவது சேதத்தில் நீங்களே ஏற்க வேண்டிய முதல் பங்கையும், பார்த்துவிடுங்கள். ஃபுளோரிடாவில் சூறாவளிக்கென்று தனி டிடக்டிபிள் உண்டு. பெரும்பாலும் அது சதவீதக் கணக்கு. வீட்டுக் கட்டடத்தை 4 லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்து, 2 சதவீதம் என்று போட்டிருந்தால், முதல் 8,000 டாலர் உங்கள் கைக்காசு. சேதத் தொகையில் 2 சதவீதம் என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள்.

“தெரியாத கம்பெனி என்றால் ஆபத்து”

பெயர் தெரியாதது குற்றமில்லை. பார்க்க வேண்டியது மாநில உரிமம். உரிமம் பெற்ற கம்பெனி திவாலானால், மாநில உத்தரவாத நிதி ஒரு வரம்பு வரை கிளைமைத் தீர்க்கும்; பல மாநிலங்களில் அந்த வரம்பு 3 லட்சம் டாலர். 2022இல் ஃபுளோரிடாவில் வீட்டுக் காப்பீட்டு நிறுவனங்கள் சில அடுத்தடுத்து மூழ்கியபோது இந்த ஏற்பாடுதான் கைகொடுத்தது. அந்த உரிமம் இல்லாத நிறுவனங்கள் தரும் ‘சர்ப்ளஸ் லைன்ஸ்’ வகை பாலிசிக்குப் பெரும்பாலான மாநிலங்களில் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

“வெள்ளச் சேதமும் இதில் அடக்கம்”

வழக்கமான பாலிசியில் அடங்காது. வெள்ளத்துக்குத் தனியாக எடுக்க வேண்டும். 1968இல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தாலும் பொதுவாக 30 நாள் காத்திருப்பு உண்டு. புயல் செய்தி கேட்டபின் ஓடிப் பயனில்லை. வேடிக்கை என்னவென்றால், இங்கேயும் பாலிசியின் மேல் தனியார் கம்பெனி பெயர் இருக்கலாம், பணம் மட்டும் மத்திய அரசின் திட்டத்திலிருந்து வரும்.

“வீட்டுக் காப்பீடு சட்டப்படி கட்டாயம்”

சட்டம் கேட்பதில்லை, கடன் கொடுத்த வங்கி கேட்கிறது. அதனால் புதுப்பிக்கும்போது ஏஜென்சி உங்களை வேறு கம்பெனிக்கு மாற்றினால், வங்கிக்கும் அது தெரிந்ததா என்று கேட்டுவிடுங்கள். காப்பீடு இல்லை என்று வங்கி முடிவுகட்டினால், தானே ஒரு பாலிசியை எடுத்து உங்கள் கணக்கில் ஏற்றிவிடும். அது விலை கூடியது, உள்ளே இருக்கும் சோபாவையும் டிவியையும் பொதுவாகக் கண்டுகொள்ளாது.