பீரோ சாவி யார் கையில்?

மதுரைக்கு அருகே கீழக்குயில்குடிப் பக்கத்தில் தமிழாசிரியராக வேலை பார்த்த காலத்தில் நூலகப் பொறுப்பும் என்னிடம் இருந்தது. தனி அறை கிடையாது, இரண்டு இரும்பு பீரோதான். பல பள்ளிகளில் இதே நிலைமை. உள்ளே நல்ல புத்தகங்கள் இருக்கும், வெளியே பூட்டு தொங்கும். அதற்குக் காரணம் அலட்சியம் இல்லை, பயம். ஒரு புத்தகம் குறைந்தாலும் இருப்புப் பதிவேட்டில் கணக்கு உதைக்கும், பொறுப்பாசிரியர் பதில் சொல்ல வேண்டும். அதனால், பிள்ளைகளை வாசிக்க வைக்க வழி கேட்கும் இளம் ஆசிரியர்களிடம் நான் முதலில் சொல்வது, தலைமையாசிரியரிடம் பேசுங்கள் என்பதுதான். "கிழிந்தால் கிழியட்டும், கொடுங்க" என்று அவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாவது விதி. எங்கள் பிள்ளைகளுக்குரிய நூல் எது என்பதை எனக்குக் காட்டியது சமணர்மலை.

அய்யனார் கோயிலும் தாமரைக் குளமும் அந்த மலையும் அவர்கள் விளையாடித் திரிகிற இடங்கள். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "ஐயா, செட்டிப்புடவுல உக்காந்திருக்கவரு செட்டியாருன்னு எங்கப்பத்தா சொல்லுது. நெசமா?" எனக்குப் பதில் தெரியும், ஆனால் சொல்லவில்லை. சொ. சாந்தலிங்கத்தின் 'மதுரையில் சமணம்' நூலை எடுத்துக் கொடுத்து, "இதுல தேடிப் பாத்து நீயே எனக்குச் சொல்லுப்பா" என்றேன். அவன் வயதுக்குக் கடினமான நூல்தான். மூன்று பேராகச் சேர்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தார்கள், தடுக்கிய இடத்தில் நானும் உட்கார்ந்தேன். செட்டிப்புடவுக் குகையில் இருப்பவர் சமணத் தீர்த்தங்கரர் என்று கண்டுபிடித்த அன்று அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அதோடு நிற்கவில்லை. அதே மலையில் பேச்சிப்பள்ளத்துச் சிற்பங்களின் கீழே வட்டெழுத்து இருக்கிறது. அந்தத் திருமேனிகளைச் செய்வித்தவர்களில் சமணத் துறவி குணசேனதேவரின் மாணாக்கர்களும் உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தங்கள் மலையில் மாணாக்கர்கள் இருந்தார்கள் என்று தெரிந்ததும் வகுப்பே அந்த நூலைக் கேட்டது. சனிக்கிழமை நோட்டோடு மலையேறினோம். இறங்கும்போது கேள்விகள் பெருகிவிட்டன. இந்த எழுத்தை இப்போது ஏன் யாரும் எழுதுவதில்லை? பாறையை எதை வைத்துச் செதுக்கினார்கள்? ஒவ்வொரு கேள்விக்கும் பீரோவில் ஒரு புத்தகத்தைத் தேடினோம். பெ. தூரன் பதிப்பித்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் தொகுதிகளை அவர்கள் முதன்முதலில் புரட்டியது அப்போதுதான். பிள்ளையிடம் ஏற்கெனவே ஒரு கேள்வி இருக்கும். அதைக் காதில் வாங்கிக்கொண்டு அதற்கேற்ற புத்தகத்தை நீட்டுவதே நூலகப் பொறுப்பாசிரியரின் முதல் வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன். உங்கள் ஊரில் மலை இல்லாவிட்டால் கண்மாய் இருக்கும், ரயிலடி இருக்கும்.

கதைப் புத்தகங்களுக்கு வேறு வழி. இரா. நடராசனின் 'ஆயிஷா' சின்ன நூல். பாதிவரை உரக்க வாசித்துவிட்டு மூடி, பீரோமேல் வைத்துவிடுவேன். மணி அடித்ததும் அதற்குப் போட்டி நடக்கும். படித்து முடித்தவரிடம் கதைச் சுருக்கம் எழுதி வா என்று மட்டும் கேட்காதீர்கள். அடுத்த புத்தகத்துக்கு அந்தப் பிள்ளை வராது.

பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் வருகின்றன. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு 'நுழை' நூலே தேவைப்படலாம். அதை எல்லார் முன்னாலும் சொல்லாமல், "உன் தம்பிக்கு வாசிச்சுக் காட்டு" என்று கொடுத்தனுப்பினால் வீட்டில் இரண்டு பேர் படிப்பார்கள்.

சாவியை மாணவரிடமே கொடுங்கள். முதல் மதிப்பெண் வாங்குகிறவருக்கு வேண்டாம். கடைசி பெஞ்சில் பேசாமல் இருக்கிற பிள்ளைக்குக் கொடுங்கள். எங்கள் பள்ளியில் அப்படிப் பொறுப்பெடுத்த ஒரு பெண், யாருக்கு எந்த மாதிரிப் புத்தகம் பிடிக்கும் என்பதை என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தாள். நூலகப் பாடவேளையைப் போர்ஷன் முடிக்க மற்ற ஆசிரியர்கள் கேட்டு வருவார்கள்; விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஏப்ரல் கடைசியில் எல்லாப் புத்தகங்களையும் திரும்ப வாங்கிப் பூட்டுவது வழக்கம். நாங்கள் அந்த நேரத்தில்தான் அதிகம் கொடுத்தோம், ஆளுக்கு மூன்று. மே மாத வெயிலில் மத்தியானம் வீட்டுக்குள்ளே கிடக்கும் பிள்ளைகளுக்கு வேறென்ன வேலை? அப்பத்தாக்களும் உட்கார்ந்து கேட்டார்கள். ஜூனில் சில புத்தகங்கள் வரவில்லை. அவற்றின் பட்டியலைப் பெற்றோர் கூட்டத்தில் படித்தோம். ஊர்க்காரர்களே மாற்றுப் பிரதிகள் வாங்கித் தந்தார்கள்.