துயரம் அறிந்தவர் துணைக்கு வரும்போது



சுயஉதவிக் குழு என்றதும் சேமிப்பும் கடனுமே நம் நினைவுக்கு வரும். 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழுக்கள் இன்று தமிழகமெங்கும் உள்ளன. ஆனால் துக்கத்தையும் பலர் சேர்ந்து சுமக்க முடியுமா? வேளாங்கண்ணி வட்டாரத்திலிருந்து நாம் கற்கக்கூடிய பாடம் ஒன்று உண்டு.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்றிருந்த திருப்பயணிகளை ஆழிப்பேரலை வாரிக்கொண்டு போயிற்று. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தனை குடும்பங்களைத் தேற்ற மனநல மருத்துவர்களுக்கு எங்கே போவது?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர்கள் இம்மாவட்டத்துக் கிராம மக்களைக் குழுக்களாக அமர்த்தி, அவர்கள் சொன்னதைக் கேட்டார்கள். 2008-இல் அந்த ஆய்வு வெளியாயிற்று. முறையான மனநலச் சேவையைவிட, தங்கள் சொந்த மனத்திடத்தையும் உற்றார் துணையையும் தெய்வ நம்பிக்கையையுமே மக்கள் பெரிதாக மதித்தார்கள்.

அதே ஆண்டு சென்னை ஆய்வு ஒன்றும் வெளிவந்தது. சுனாமியில் உறவுகளை இழந்த சீனிவாசபுரம் மக்களை, பயிற்சி பெற்ற தொண்டர்கள் சந்தித்து ஆறுதலளித்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, அத்துணை கிடைக்காத காசிமேட்டு மக்களைவிட இவர்களிடம் மனச்சோர்வு குறைந்திருந்தது.

உதவி பெறுகிறவருக்கு மட்டுமல்ல, உதவுகிறவருக்கும் நலம் உண்டு என்று 1965-இலேயே பிராங்க் ரீஸ்மன் என்ற அமெரிக்க அறிஞர் எழுதினார். பிள்ளையை இழந்த தாய் இன்னொரு தாயின் கையைப் பிடிக்கும்போது இருவருமே தேறுகிறார்கள்.

ஆனாலும் குழு மருத்துவருக்கு மாற்றல்ல. சாக வேண்டும் என்று பேசுகிறவரையும், பல வாரங்கள் உறக்கமும் உணவும் இன்றித் தவிப்பவரையும் மருத்துவமனைக்கு அழைத்துவர வேண்டும். அப்படிப்பட்டவரை முதலில் அடையாளம் காணக்கூடியவர்கள் கூடவே அமர்ந்திருக்கிறவர்கள்தான்.

கட்டடமும் கருவியும் புகைப்படத்தில் தெரியும். தொண்டரின் பஸ் கட்டணமும், கூடிப் பேச விரிக்கும் பாயும் தெரிவதில்லை. அவற்றுக்குக் கொடுப்பதும் மருத்துவ ஊழியமே.

சிந்திக்க: கலாத்தியர் 6-ஆம் அதிகாரம் 2, 5 வசனங்களை வாசியுங்கள். பிறர் சுமையில் பங்கெடுக்கச் சொல்லும் பவுல், அவரவர் சுமையையும் ஏன் நினைப்பூட்டுகிறார்? நம் சபையில் தனியே துக்கிப்பவர் யார்?

ஜெபிக்க: இன்றும் டிசம்பர் வந்தால் கலங்கும் கடலோரக் குடும்பங்களுக்காக.